குமராட்சிச் சாலையில் இரண்டு புது விளக்குகள்

காலை 6.10, கடலூர் முதுநகர்

2009, மாசி மாதத்துச் சனிக்கிழமை. உப்பனாற்றின் மேல் பனி படுத்துக் கிடந்தது. படகுகளின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. ஜீப்பைக் கிளப்பி விளக்கைப் போட்டேன். இரண்டு மஞ்சள் கறைகள் பனியில் விழுந்து, அதற்குமேல் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டன.

"லைட்டு போட்டுட்டீங்களா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து என் மனைவி புஷ்பம் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "போட்டாச்சு. அதுக்குத்தான சிதம்பரம் போறோம், ஏன் குத்திக் காட்டுற?" என்றேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பச்சை நிறம். நான்கு சக்கரமும் இழுக்கும். எனக்குச் சவுக்கு மர வியாபாரம். கடலோர மணலில் உள்ளே போய், தோப்பைச் சுற்றிப் பார்த்து, மரத்துக்கு விலை பேச வேண்டும். வேறு எந்த வண்டி போனாலும் அச்சு வரை புதைந்து, பத்து பேர் வந்து தூக்க வேண்டியிருக்கும். இது மட்டும் முனகிக்கொண்டே ஏறிவிடும். பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிற வண்டி, ஓட்டுகிறவனும் நான் ஒருவன்தான்.

பொங்கல் கழிந்து இரண்டாம் வாரத்தில் ஒரு விபத்து. பெரிய விபத்து என்று மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள். குமராட்சியில் என் மச்சான் அந்தோணி வீட்டுக்குப் போய்விட்டுச் சிதம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்த நேரம். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் பாதிச் சாலை களமாகிவிடும். பகலெல்லாம் நெல்லைத் தாரில் பரப்பிக் காய வைப்பார்கள். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, வண்டி ஏறாமல் இருக்கக் கருங்கல்லை வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார்கள். சில நாள் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை மறந்துவிடுவதும் உண்டு. அப்படி ஒரு கல்லின் மேல் இடது சக்கரத்தை ஏற்றிவிட்டேன். புஷ்பத்தின் நெற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் மோதி மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

எனக்கு எதிரே, வண்டியின் மூக்குக்கு நேரே கிடந்த கல். நான் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒரே பயம். வயது ஐம்பத்து நான்கு. இருட்டினால் கண் தெரியாத வியாதி வந்துவிட்டதோ என்று. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனால் சொல்லிவிடுவார்களே. அந்தோணி மினி பஸ் ஓட்டுகிறவன், அவனுக்கு நாசூக்கெல்லாம் கிடையாது. "மாமா, நீங்க வண்டிய எங்கிட்ட குடுத்துடுங்க. அக்காவ ஏத்திக்கிட்டு இனிமே நீங்க ஓட்ட வேணாம்" என்று தையல் போட்ட அன்றே சொல்லிவிட்டான். வண்டி போனால் தோப்புக்குப் போக முடியாது, தோப்புக்குப் போகாதவனிடம் யார் விலை பேசுவார்கள்?

புஷ்பம்தான் சமாதானம் செய்தாள். "முதல்ல லைட்ட மாத்திப் பாப்பம். அதே ரோட்டுல, அதே நேரத்துல ஓட்டிப் பாப்பம். அப்பவும் கல்லு தெரியலன்னா சாவிய தம்பிகிட்ட குடுத்துடுங்க." நானும் சரி என்றேன். இந்தப் பயணத்தின் கதை இவ்வளவுதான்.

காலை 7.00, ஆலப்பாக்கம் தாண்டி

பனி கலையவில்லை. இடப்பக்கம் ரயில் தடம் கூடவே வந்தது. அகலப் பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ரயில் வராத தடத்தில் ஆடுகள் நிதானமாக நடந்து போயின, எங்கேயோ அவற்றுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிற மாதிரி. பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து, நின்று, பின்னால் போயின. இவ்வளவு மெதுவாக ஓட்டினால் சாலை தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. தோப்புக்கு ஓடுகிற நாட்களில் இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை.

புஷ்பம் நான்காம் வகுப்பு ஆசிரியை. மடியில் நோட்டுக் கட்டு இருந்தது, ஆனால் பிரிக்கவில்லை. "திருத்தலையா?" என்றேன்.

"இப்பல்லாம் புள்ளைங்களையே எழுந்திரிச்சு படிக்கச் சொல்லிக் கேக்குறேன். அவுங்களுக்கும் வாசிப்பு வரும்ல."

நல்ல யோசனை என்று பாராட்டினேன்.

காலை 7.25, புதுச்சத்திரம்

தேநீர் இரண்டு, எட்டு ரூபாய். புஷ்பம் சில்லறையை விரலால் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தாள். ஒரு ரூபாய் குறைகிறது என்றார் கடைக்காரர். புதிதாய் வந்திருக்கும் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் யாருக்குத்தான் வித்தியாசம் தெரிகிறது என்று நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று சிரித்தார்.

காலை 8.15, வெள்ளாற்றுப் பாலம்

பாலத்தில் ஏறும்போது வெயில் வந்தது. பனி ஒரே நேரத்தில் வெளுத்து, ஆறு எது, வானம் எது என்று தெரியாத ஒரு நிமிடம்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

என் மனம் முழுக்க வயரும் பல்புமாக இருந்தது. "நீயே பாரேன்" என்றேன். அவளும் திரும்பி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

காலை 8.40, சிதம்பரம்

முதுநகரிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மைல்கல்லை நம்பித்தான் சொல்கிறேன், ஜீப்பின் கிலோமீட்டர் முள் செத்து நான்கு வருடமாகிறது. கோபுரங்கள் தெரியும் தூரத்திலேயே ஊருக்கு வெளியே ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கின்றன. கடைசிக் கொட்டகை ரஃபி பாயுடையது. பரங்கிப்பேட்டைக்காரர். வண்டிகளுக்கு வயரிங் வேலை மட்டும் செய்வார், இன்ஜினைத் தொட மாட்டார்.

வண்டியைச் சுற்றிக்கூட அவர் பார்க்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"கருகுன வாசன வருதே சார், உங்களுக்குத் தெரியலயா? என்னா பல்பு போட்ருக்கீங்க?"

"நூறு தொண்ணூறு வாட்ஸ்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வெளிச்சம் போதவில்லை என்று ஆறு மாதத்துக்கு முன் கடையில் இருப்பதிலேயே பெரிய பல்பாகக் கேட்டு வாங்கி நானே மாட்டியது.

"அதான" என்றார் ரஃபி பாய். பேட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை வோல்ட். விளக்கைப் போடச் சொல்லி, பல்பின் பின்புறம் வைத்தார். ஒன்பது.

"மீதி மூணர எங்க போச்சு?" என்றேன்.

"வழியில தின்னுடுச்சு. பேட்டரிலேர்ந்து கெளம்பி டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போவுது. அங்கேர்ந்து கால்ல மிதிக்கிற டிம் சுவிட்சுக்கு. அதுல பாதி உங்க கடற்கர மண்ணு. அப்பறம் திரும்ப மூஞ்சிக்கு வருது. ஊரையே சுத்துது சார், வயரு நூலு மாதிரி. நீங்க பெரிய பல்ப போட்டதும் ஜாஸ்தியா இழுக்குது, வயரு சூடாவுது, வெளிச்சம் இன்னும் கொறயுது."

"பெருசா போட்டதுனாலதான் கொறஞ்சுச்சா?"

"அர இஞ்சு பைப்புல அஞ்சு ஹெச்.பி. மோட்டார மாட்டுனா என்னா ஆவும்? அதான் ஆயிருக்கு."

அவமானமாக இருந்தது, அதே நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாகிக்கொண்டும் வந்தது. ரஃபி பாய் கொட்டகையின் சாக்குப் படுதாவை இறக்கி இருட்டாக்கினார். அறுபது ஐம்பத்தைந்து வாட்ஸ் சின்ன பல்பு ஒன்றை வலப்பக்கம் மாட்டி, தடித்த வயர் ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து அதில் தொட்டார். இடப்பக்கம் என் பெரிய பல்பு பழைய வயரிலேயே எரிந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. இடது வட்டம் அணையப்போகும் அகல் நிறத்தில் இருந்தது. வலது வட்டத்தில் சுவரின் செங்கல் இடுக்கு, அதில் ஊர்ந்துபோன எறும்பு, எல்லாம் தெரிந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்? ஐந்து வாரமாக ராத்திரியில் விழித்துக்கொண்டு கிடந்தவன் நான். "கண்ணு இல்ல புஷ்பம், வயருதான்" என்றேன்.

"ரெண்டுக்கும் அவ்ளோ வித்தியாசமா?" என்றாள்.

"பாத்தா தெரியல?"

அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "தெரியுது, தெரியுது. கூசுது."

காலை 10.00 முதல் மாலை 5.00 வரை, அதே கொட்டகை

இரண்டு ரிலே, ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டி அளவு. ஒன்று தூரத்து வெளிச்சத்துக்கு, ஒன்று கிட்டத்து வெளிச்சத்துக்கு. இனிமேல் சுவிட்சிலிருந்து வரும் பழைய வயர் 'எரியட்டும்' என்று ரிலேவுக்குச் சொல்வதோடு சரி, சுமை தூக்க வேண்டாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தடித்த வயர் நேராக விளக்குக்கு. உருகிப்போன பிளாஸ்டிக் ஹோல்டர்களைக் கழற்றி வீசிவிட்டுப் பீங்கான் ஹோல்டர் போட்டார். எர்த் வயரை முடுக்க, பாடியில் பச்சைப் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வைத்தார். சுரண்டிய இடத்தைப் பார்க்க எனக்கு வலித்தது. சாமானும் கூலியும் சேர்த்து ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.

மதியம் பொட்டலத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டோம், இருபது ரூபாய். வெயில் கொட்டகையின் ஓட்டைகள் வழியாகக் காசு காசாகத் தரையில் விழுந்து மெல்ல நகர்ந்தது. புஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். நெற்றியில் தையல் தழும்பு. ஏதோ நீண்ட விடுமுறையில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்கு ஜீப்பைச் சமமான தரையில் இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு, வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார் ரஃபி பாய். பிறகு கறுப்புப் பெயின்டை எடுத்துக்கொண்டு விளக்குக் கண்ணாடியை நெருங்கினார்.

"இவ்ளோ செலவு பண்ணிட்டு இப்ப அதுல கறுப்பு அடிக்கிறீங்களா?" என்றேன்.

"நடுவுல பொட்டு வெக்கலன்னா போலீசு புடிப்பான் சார். எதிர்ல வர்றவனுக்குக் கூசக் கூடாதுல்ல." வலது விளக்கின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றிருந்த புஷ்பத்தைக் கேட்டார்: "டீச்சர், நடுவுல இருக்கா பாருங்க."

"ரெண்டும் சரியா இருக்கு பாய்" என்றாள்.

இடது விளக்கில் அவர் இன்னும் பொட்டே வைக்கவில்லை. ரஃபி பாய் சிரித்தார். கேலி செய்கிறாள் என்று நானும் சிரித்தேன். அவளும் எங்களோடு சிரித்தாள்.

மாலை 6.15, குமராட்சிச் சாலை

சிதம்பரத்திலிருந்து குமராட்சிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், வைக்கோல் மணம், வாய்க்காலில் கடைசி வெளிச்சம். இருட்டு வயலிலிருந்து எழுந்து சாலைக்கு ஏறியது. நான் விளக்கைப் போட்டேன்.

சாலை எழுந்து உட்கார்ந்தது என்றுதான் சொல்வேன். தாரின் ஒவ்வொரு பொடிக்கல்லும், ஓரத்துப் புல்லும், தூரத்தில் ஒரு நாயின் இரண்டு கண்ணும். இந்த வயதில் பாடத் தெரிந்தால் பாடியிருப்பேன்.

"பந்தயம்" என்றேன். "கல்ல யாரு முதல்ல பாக்குறது?"

"நீங்கதான் பாப்பீங்க" என்றாள்.

நான்கு கிலோமீட்டர் போனதும் முதல் வரிசை வந்தது. எண்பதடி தூரத்திலேயே கத்தினேன், "கல்லு." ஒதுங்கித் தாண்டினேன். அடுத்தது வளைவில். "கல்லு." அந்தோணி முகத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சாவி என் கையில்தான் இருக்கும். தோப்பு, மணல், வியாபாரம் எல்லாம் இருக்கும்.

குமராட்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அந்த இடமே வந்தது. நெல் குவியல் இல்லை, அள்ளிவிட்டார்கள். எட்டுக் கருங்கற்கள் மட்டும் பாதிச் சாலையில் கிடந்தன. எல்லாவற்றையும் நானே ஜெயிக்கக் கூடாது, ஒன்றையாவது அவள் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு மெல்லப் போனேன். அவள் சொல்லவில்லை. முதல் கல்லுக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தினேன். வெளிச்சம் எட்டுக் கல் மீதும் முழுதாக விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக நிழல்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"நீ சொல்லு, பாப்பம்."

கழுத்தை முன்னால் நீட்டி நேராகக் கல்லைப் பார்த்தாள். "ரோடு காலியாத்தான இருக்கு."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கியரைத் தொடவில்லை. வண்டி நகராததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கல்லு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கு."

"எத்தன?"

"எட்டு."

மடியில் கிடந்த நோட்டுக் கட்டைத் தடவினாள். "வெளிச்சம் ஜாஸ்தி ஆவ ஆவ எனக்கு வெள்ளையா மூட்டமாத்தான் தெரியுது. ஒரு வருசமா இருக்கு. அன்னிக்கும் எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இருட்டு ரெண்டு பேருக்கும்தான்னு நெனச்சேன். லைட்ட மாத்துனா எனக்கும் தெரிஞ்சிடும்னு நெனச்சுதான் இவ்ளோ தூரம் வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கண் ஆஸ்பத்திரிக்குப் போவல? அதே பயந்தான்."

வண்டியை அணைத்தேன். விளக்கையும் அணைத்தேன். இறங்கி, எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வாய்க்கால் ஓரத்தில் போட்டேன். கனமான கற்கள். ஒரு வருடம், ஒரே வீட்டில், அவள் எதிரிலேயே சாப்பிட உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ஞாயிறு காலை 8.40, குமராட்சி

சர்ச்சில் முதல் பூசை முடித்துக் கிளம்பினோம். ராத்திரியே அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். ஜீப் சாவி மேசையில் இருந்தது. அவன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஓட்டிக்கிட்டு வர்றேன் மாமா. கடலூர்ல விட்டுட்டு பஸ்ல வந்துடுறேன். நீங்க நாளைக்குக் கண்ணு ஆஸ்பத்திரிக்கு அக்காவக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

புஷ்பம் கையை நீட்டி அவன் குரல் வந்த பக்கம் வைத்தாள். சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "அவுங்களே ஓட்டட்டும். அவுங்களுக்கு நல்லாத் தெரியுது."

காலை 10.05, வெள்ளாற்றுப் பாலம்

பட்டப்பகல். விளக்குக்கு வேலை இல்லை. ரிலே, தடித்த வயர், பீங்கான் ஹோல்டர் எல்லாம் சும்மா உட்கார்ந்துகொண்டு வந்தன. முதுநகர் வீட்டில் கூடத்துக் குழல்விளக்கு கண் கூசுகிறது என்று அவள் அடிக்கடி அணைப்பாள், கரண்டு பில்லுக்குப் பயப்படுகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலத்தில் ஏறியதும் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பிவிட்டு ஒதுங்கிப் போனது.

இன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

"தண்ணி இருக்கு" என்றேன். "ஜாஸ்தி இல்ல, கிழக்குப் பக்கம் மட்டும் ஓடுது. நடுவுல ஒரு மணல் திட்டு. அதுல அஞ்சு கொக்கு நிக்குது. ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது."

"நேத்தும் நின்னுச்சா?"

"நேத்து நான் பாக்கல புஷ்பம்" என்றேன்.